1.0 என்ற எண்ணும் பிந்தி வந்த எழுத்துகளும்

குறிமொழிகளின் வரலாறு – பகுதி 17

1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 உலக வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த கதையைச் சென்ற பகுதியில் முடித்தோம். இந்தப் பகுதி முழுக்க அந்த 1.0 என்ற எண்ணைப் பற்றியது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எண் மாறவில்லை. இன்று உங்கள் கணினியில் கிடக்கும் ஒரு வேர்டு கோப்பை ஜிப் கோப்புபோலப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளின் முதல் வரியில் அதே 1.0 நிற்கும். இடையில் 1.1 என்று ஒன்று வந்தது. முறைப்படி எல்லாப் படிகளையும் ஏறி அங்கீகாரமும் பெற்றது. ஆனால் நடைமுறைக்குள் அது நுழையவே இல்லை. ஏன் நுழையவில்லை, அதனால் இழந்தவர்கள் யார் என்று தேடிப் போனால், கணினிக்குள் பிந்தி வந்த எழுத்துகளிடம் போய் நிற்போம்.

எக்ஸ்எம்எல்லுக்கு முன்னோடியான எஸ்ஜிஎம்எல் காலத்தில் ஓர் ஆவணம் தன்னைப் பற்றி அறிவிக்க வேண்டியது ஏராளம். எந்த எழுத்துத் தொகுப்பு, எந்தக் குறி டேகைத் திறக்கும், பெயர் எத்தனை எழுத்து வரை நீளலாம், எந்தெந்தச் சலுகைகள் செல்லும் என்று அந்த அறிவிப்பு பக்கக்கணக்கில் போகும். இரண்டு நிறுவனங்கள் ஒரே ஐஎஸ்ஓ 8879 தரத்தைப் பின்பற்றிக்கொண்டே ஒருவர் கோப்பை மற்றவர் படிக்க முடியாமல் திண்டாடியதற்கு அந்தச் சலுகைகள் பெரிய காரணம். ஜான் போசாக் தலைமையில் கூடிய எக்ஸ்எம்எல் குழு, தன் பத்து இலக்குகளில் ஒன்றாக இதை எழுதிவைத்தது: விருப்பத்துக்கு விடும் அம்சங்கள் மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும், முடிந்தால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பக்கக்கணக்கில் போன அறிவிப்பு ஒற்றை வரியாகச் சுருங்கியது. வெர்ஷன் எண், எழுத்துக் குறியாக்கத்தின் பெயர், வெளிக்கோப்புகளைச் சாராமல் ஆவணம் தனித்து நிற்குமா என்ற விவரம். அவ்வளவுதான்.

அந்த வரியில் அழகான நுட்பம் ஒன்று உண்டு. ஒரு கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். படித்தால்தான் எந்தக் குறியாக்கம் என்று அது சொல்லியிருப்பது தெரியும். அறிவிப்பு வரி எப்போதும் அதே குறிகளோடுதான் தொடங்க வேண்டும் என்று விதித்ததால் இந்தச் சுழல் அறுந்தது. முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்ததுமே, இது ஆஸ்கி வழி வந்ததா, பதினாறு பிட் யூனிகோடா, ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக்கா என்று பார்சர் (கோப்பைப் படித்துப் பகுக்கும் நிரல்) அனுமானித்துவிடும். அந்த அனுமானத்தைக் கொண்டு வரியின் மிச்சத்தைப் படித்து, துல்லியமான பெயரைத் தெரிந்துகொள்ளும். எக்ஸ்எம்எல் செய்த நல்ல காரியங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன். தமிழுக்கு ஆளுக்கொரு குறியாக்கம் என்றிருந்த தொண்ணூறுகளை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறியாக்கத்துக்குக் கிடைத்த யோசனை வெர்ஷன் எண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பார்சர் தனக்குத் தெரியாத எண்ணைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? 1998ஆம் ஆண்டு ஆவணம் இதற்குச் சொன்னது ஒன்றுதான்: தான் ஆதரிக்காத வெர்ஷன் என்றால் பார்சர் பிழை எழுப்பலாம். அடுத்த வெர்ஷன்களுக்கு வேறு எண் தரும் எண்ணம் உண்டு என்றது அதே ஆவணம். ஆனால் அப்படி ஒரு வெர்ஷன் வரும் என்றோ, எண்கள் எந்த முறையில் போகும் என்றோ உறுதி தரவில்லை. ஒரு தரவிதி தன் வாரிசைப் பற்றிப் பேசிய பேச்சு இவ்வளவுதான்.

எச்டிஎம்எல்லாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. தெரியாத டேகைக் கண்டால் உலாவி அதைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விடும். பக்கம் ஏதோ ஒரு வடிவில் தெரிந்துவிடும். எக்ஸ்எம்எல் அப்படி இல்லை. எழுத்து வடிவில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் பார்சர் அங்கேயே நின்றுவிட வேண்டும். மிச்சத்தைச் சரியான தரவுபோலப் பயன்பாட்டிடம் கொடுக்கக் கூடாது. வங்கிக் கணக்கும் மருந்துச் சீட்டும் போகும் வழியில் பார்சர் தன் போக்கில் ஊகித்துக்கொள்வது ஆபத்து என்பதால், இந்தக் கண்டிப்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு கண்டிப்பான மொழியில், தெரியாத எண்ணோடு வரும் ஆவணத்தை எப்படி நடத்துவது என்ற கேள்வியை நிரல் எழுதுபவர் கையில் விட்டால், அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். கதவைச் சாத்துவார். பலர் அதைத்தான் செய்தார்கள்.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. எக்ஸ்எம்எல்லில் டேகுகளின் பெயரை எந்த மொழியிலும் வைக்கலாம் என்பது அந்தக் குழுவின் பெருமைக்குரிய முடிவு. அதற்காக யூனிகோடு 2.0 தொகுப்பை எடுத்து, எந்த எழுத்து பெயரின் முதலில் வரலாம், எது நடுவில் மட்டும் வரலாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆவணத்தின் பின்னிணைப்பில் நீண்ட பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருந்தால் அனுமதி, இல்லையென்றால் பிழை. யூனிகோடு 2.0 வெளிவந்தது 1996இல். யூனிகோடு வளர்ந்துகொண்டே இருக்கும் தொகுப்பு என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கணக்கெடுப்பை நிரந்தரக் குடியுரிமைப் பட்டியலாக்கிவிட்டார்கள்.

தமிழ் இதில் தப்பித்தது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் வெர்ஷனிலேயே தமிழ் இருந்ததால், <நூல்> என்று டேக் வைத்து உள்ளே <ஆசிரியர்> என்று எழுதினால் முதல் நாளிலிருந்தே அது முறையான எக்ஸ்எம்எல். ஆனாலும் அந்தப் பட்டியலின் தமிழ்ப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் சில ஓட்டைகள் தெரியும். தமிழ் எண்களில் ௧ முதல் ௯ வரை இருக்கிறது, ௦ இல்லை. கிரந்த எழுத்துகளில் ஷ, ஸ, ஹ இருக்கிறது, ஶ இல்லை. இந்த இரண்டும் யூனிகோடுக்குள் வந்ததே 2005இல், 4.1 வெர்ஷனில்தான். ஆய்த எழுத்தையோ பட்டியல் துணைக்குறிகளோடு சேர்த்துவிட்டது. அதனால் பெயரின் நடுவில் ஃ வரலாம், முதலில் வரக் கூடாது. அன்றைய விதிப்படி, முகவரிப் படிவம் ஒன்றுக்கு டேக் வைக்கும் தமிழர் 'தொலைபேசி' என்று எழுதினால் சரி. 'ஃபேக்ஸ்' என்று எழுதினால் பார்சர் நின்றுவிடும். பட்டியலுக்குள் இருந்த மொழிக்கே இந்த நிலை.

பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களைப் பாருங்கள். 1999 செப்டம்பரில் யூனிகோடு 3.0 வந்தது. சிங்களம், கெமர், பர்மியம், எத்தியோப்பியம், மாலத்தீவின் தானா, மரபு மங்கோலியம், செரோக்கி, கனடாவின் பழங்குடிகளது அசை எழுத்து எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. எக்ஸ்எம்எல் பிறந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. இந்த எழுத்துகளில் உரை எழுதத் தடை இல்லை. டேகுகளுக்கு இடையே எந்த யூனிகோடு எழுத்தும் வரலாம் என்றே 1.0 சொன்னது. தடை பெயர்களுக்கு மட்டும்தான். இலங்கையில் தமிழும் சிங்களமும் ஆட்சிமொழிகள். ஒரே அலுவலகம் ஒரே படிவத்துக்கு இரண்டு மொழியிலும் டேக் வைப்பதாக நினைத்துப் பாருங்கள். தமிழ் டேகை உலகத்தின் எந்தப் பார்சரும் ஏற்கும். பக்கத்திலேயே இருக்கும் சிங்கள டேகில் அன்றைய பார்சர் நின்றுவிடும். இரண்டும் பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள். ஒன்று யூனிகோடுக்கு முதலில் போனது, மற்றது எட்டு ஆண்டு கழித்துப் போனது என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் இல்லை.

டேகை யார் உள்ளூர் மொழியில் எழுதுகிறார்கள் என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுத் தொகுப்பை இறக்கிப் பார்த்தால் கட்டுரை தமிழில் இருக்கும். டேகுகள் ஆங்கிலத்தில் இருக்கும். வேர்டு கோப்பும் அப்படித்தான். ஆனால் மனிதர் கையால் எழுதுவதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ஒரு தரவுத்தளத்தில் உள்ள அட்டவணையை எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்யும்போது, நெடுவரிசைத் தலைப்புகளே டேகுகளாக மாறுவது வழக்கம். தலைப்பில் பெயருக்கு ஆகாத குறி இருந்தால், மைக்ரோசாஃப்டின் கருவிகள் அதன் யூனிகோடு எண்ணை முன்னும் பின்னும் அடிக்கோடு போட்டு எழுதிவிடும். ஓர் எழுத்துக்கு ஏழு குறிகள். பழைய பட்டியல்படி நடக்கும் கருவியின் வழியே சிங்களத்தில் தலைப்பிட்ட அட்டவணை வெளியே வந்தால், அதைப் படைத்தவராலேயே படிக்க முடியாது.

2001இல் கூட்டமைப்பின் எக்ஸ்எம்எல் மையக் குழு இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டது. திட்டத்துக்கு வைத்த செல்லப் பெயர் புளூபெர்ரி. அதே வேளையில் ஐபிஎம்மிடமிருந்தும் ஒரு கோரிக்கை இருந்தது. எப்சிடிக் வழி வந்த பெருங்கணினிகளில் வரி முடிவைக் குறிக்கத் தனி எழுத்து ஒன்று உண்டு. எக்ஸ்எம்எல் 1.0 வெற்றிடமாக ஏற்பது நான்கே குறிகளை: இடைவெளி, டேப், இரண்டு வகை வரி முடிவு. பெருங்கணினியின் வரி முடிவு அந்த நான்கில் இல்லை. அந்தக் கணினியின் சொந்தத் தொகுப்பானில் எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பு, வரி முடிவைத் தரநிலைக்கு மாற்றிக் கொடுக்காவிட்டால், பிழையுள்ள கோப்பு. இதையும் புளூபெர்ரி சேர்த்துக்கொண்டது. பின்னர் மூன்றாவதாக, 1.0 அடியோடு விலக்கியிருந்த கட்டுப்பாட்டுக் குறிகளை எண் வடிவில் எழுத அனுமதிக்கும் விதியும் உள்ளே வந்தது.

விமர்சனம் கடுமையாக எழுந்தது. முன்னணியில் நின்றவர் எக்ஸ்எம்எல் நூல்கள் பல எழுதிய எலியட் ரஸ்டி ஹெரால்டு. சில பெருங்கணினிகளின் வசதிக்காகவும், மிகச் சிலரே எழுதப்போகும் டேகுகளுக்காகவும், உலகம் முழுக்க ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் கோப்புகளின் ஒருமையை உடைப்பதா என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1.0இலேயே இருங்கள் என்பதை 2003இல் வந்த தன் நூலொன்றில் ஓர் அறிவுரையாகவே அவர் வைத்தார். பலரும் அதை ஏற்றார்கள். அவர் பயந்த பிளவு உண்மையான ஆபத்துதான். ஆனால் அந்தத் தராசில் ஒரு தட்டில் பெருங்கணினியும் கெமர் மொழியும் ஒன்றாக வைக்கப்பட்டதே எனக்கு உறுத்துகிறது. வரி முடிவை மாற்றிக் கொடுக்க ஐபிஎம்மிடம் ஆள் இருந்தது, பணம் இருந்தது. தன் எழுத்தில் பெயர் வைக்கும் உரிமையை எந்த நிரலாலும் மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், முதலாவதன் மீதிருந்த எரிச்சல் இரண்டாவதன் மீதும் விழுந்தது.

2004 பிப்ரவரி 4 அன்று எக்ஸ்எம்எல் 1.1 பரிந்துரையானது. அன்றே 1.0இன் மூன்றாம் பதிப்பும் வெளியானது. வெர்ஷன் வேறு, பதிப்பு வேறு என்பதை இங்கே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பு என்பது அச்சுப்பிழை, தெளிவின்மை திருத்தி அதே விதிகளை மறுபடி வெளியிடுவது. கோப்பின் முதல் வரியில் இருப்பது வெர்ஷன். பதிப்பை எழுத அங்கே இடம் கிடையாது.

1.1 பெயர் விதியைத் தலைகீழாக்கியது. அனுமதிக்கும் பட்டியலை எடுத்துவிட்டு, விலக்கும் பட்டியல் ஒன்றைச் சிறியதாகப் போட்டது. அதில் இல்லாத எதுவும், யூனிகோடு இனிமேல் சேர்க்கப்போகும் எழுத்துகள் உட்பட, பெயரில் வரலாம். சிங்களமும் எத்தியோப்பியமும் தானாவும் வந்துவிட்டன; இனி வரப்போகிறவர்களும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நான் அறிந்த தரவிதித் திருத்தங்களில் இவ்வளவு தாராளமானது வேறில்லை. 1998இலேயே இப்படி எழுதியிருந்தால் இந்தப் பகுதிக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் 1.1இன் வழி அடைபட்டிருந்தது, அதில் பாதி அதுவே அடைத்தது. 1.0 நேரடியாக அனுமதித்த சில கட்டுப்பாட்டுக் குறிகளை எண் வடிவில்தான் எழுத வேண்டும் என்று அது மாற்றியதால், பழைய கோப்பில் எண்ணை மட்டும் 1.1 என்று திருத்தினால் சில கோப்புகள் பிழையாகிவிடும். 1.0 ஆவணம் ஒன்று 1.1 வெளிக்கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. 1.1இன் புதிய வசதி தேவைப்பட்டால் தவிர, நிரல்கள் 1.0 ஆவணங்களையே உருவாக்க வேண்டும் என்று 1.1இன் ஆவணமே அறிவுறுத்தியது. மற்றவர்களின் நலனுக்காகச் சொன்ன நேர்மையான அறிவுரைதான். அதன் விளைவு, யாரும் 1.1 எழுதவில்லை.

யாரும் எழுதாததைப் படிக்கும் வேலையை எந்தப் பார்சர் எடுத்துக்கொள்ளும்? அப்பாச்சியின் செர்சஸ் எடுத்துக்கொண்டது. அதன் வழியாக ஜாவாவுக்குள் 1.1 போனது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட், முதல் வரியில் 1.1 கண்டதும் இந்த வெர்ஷன் எண் செல்லாது என்று சொல்லி நிறுத்திவிடும். ஆவணத்தின் கட்டமைப்பை விதிக்க 2001இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா 1.0 பெயர்களைப் பழைய பட்டியலை நம்பியே வரையறுத்திருந்தது. இரண்டு வெர்ஷனையும் ஏற்கும் ஸ்கீமா வர 2012 ஆகிவிட்டது. ஆவணம் ஒன்று பத்துக் கருவிகளைக் கடந்து போகிறது என்றால், அந்தப் பத்தில் ஒன்று 1.1ஐ மறுத்தாலும் போதும், அதை எழுதியவர் 1.0க்குத் திரும்பிவிடுவார். எட்டாண்டு காத்திருந்த எழுத்துகள் மறுபடி வெளியே நின்றன.

பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றில் மிகவும் சர்ச்சைக்குரிய பக்கம். 2008 நவம்பர் 26 அன்று எக்ஸ்எம்எல் 1.0இன் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. 1.1இன் பெயர் விதி அப்படியே அதற்குள் இருந்தது. எண் 1.0தான். ஐபிஎம்மின் வரி முடிவு வரவில்லை, கட்டுப்பாட்டுக் குறிகள் வரவில்லை. எழுத்துகள் மட்டும் வந்தன. பழைய பட்டியல் பின்னிணைப்பில் இப்போதும் இருக்கிறது, இனி எந்த விதியும் அதைப் பயன்படுத்துவதில்லை என்ற குறிப்போடு.

எதிர்த்தவர்களின் வாதத்தை முழு வலுவோடு சொல்ல வேண்டும். 1.0 என்று முதல் வரியில் எழுதிய கோப்பு, 1.0 படிக்கத் தெரிந்த எந்தப் பார்சரிலும் ஒரே மாதிரி நடக்கும் என்ற உறுதிமொழியின் மேல்தான் பத்தாண்டுக் கட்டுமானம் நின்றது. ஐந்தாம் பதிப்புப்படி எழுதிய சிங்கள டேகை நான்காம் பதிப்புப் பார்சரிடம் கொடுத்தால் அது பிழை என்று நிறுத்தும். அந்தப் பார்சரும் தன் விதிப்படி சரியாகவே நடக்கிறது. இரண்டு பக்கமும் 1.0, இரண்டு பக்கமும் நேர்மை, இருந்தும் கோப்பு போய்ச் சேரவில்லை. வெர்ஷன் எண் எதைத் தடுப்பதற்காக இருக்கிறதோ அதுவேதான் இது. பதிப்பு என்ற போர்வையில் விதியையே மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனாலும் குழு செய்தது சரி என்பது என் முடிவு. முறையான வழியில், புதிய எண்ணோடு, எல்லோரையும் கேட்டுக்கொண்டு ஒரு முறை முயன்று பார்த்தார்கள். உலகம் அந்த எண்ணை ஏற்கவில்லை. மிச்சம் இருந்தது, யாரும் மறுக்காத எண்ணுக்குள்ளேயே இடம் கொடுப்பது ஒன்றுதான். பழைய கோப்புகள் எதுவும் இதனால் கெடவில்லை. நேற்று வரை முறையாக இருந்த ஒவ்வோர் ஆவணமும் இன்றும் முறையானது. புதிய பெயர் வைத்தவர் மட்டுமே, பழைய பார்சர் மறுக்கக்கூடும் என்ற ஆபத்தைத் தெரிந்து ஏற்கிறார். என் வருத்தம் காலத்தைப் பற்றியது. 2001இல், சிங்களமும் கெமரும் யூனிகோடுக்குள் வந்த சூட்டோடு, எக்ஸ்எம்எல் பார்சர்கள் இன்னும் இளசாக இருந்தபோதே இதைச் செய்திருந்தால், இரண்டு தலைமுறைப் பார்சர்கள் என்ற பிளவு ஏற்பட்டிருக்காது.

ஐந்தாம் பதிப்பு இன்னொன்றையும் செய்தது. அதிகம் பேசப்படாத மாற்றம் அது. வெர்ஷன் எண் 1.0 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்றாம் பதிப்பு இறுக்கியிருந்ததைத் தளர்த்தி, ஒன்று, புள்ளி, பிறகு எந்த எண்ணும் வரலாம் என்றது. 1.0 பார்சர் ஒன்று 1.1 என்றோ 1.7 என்றோ கண்டால், அதை 1.0 ஆவணமாகவே பாவித்துப் படித்துப் பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாத அம்சம் உண்மையில் எதிர்ப்பட்டால் மட்டும் நின்றால் போதும். 1998இல் பதிலில்லாமல் விட்ட கேள்விக்குப் பத்து ஆண்டு கழித்து எழுதிய பதில் இது. இந்த விதி தொடக்கத்திலேயே இருந்திருந்தால், 1.1 ஆவணங்களில் பெரும்பாலானவை 1.0 பார்சர்களில் தடையில்லாமல் போயிருக்கும். பதில் வந்தபோது, அதைப் பயன்படுத்த வேண்டிய 1.1 ஏற்கனவே கைவிடப்பட்டிருந்தது.

பிளவு இன்னும் ஆறவில்லை. எக்ஸ்எம்எல் என்ற பெயரை முன்மொழிந்து, அந்தக் குழுவின் தொழில்நுட்பத் தலைவராகவும் இருந்த ஜேம்ஸ் கிளார்க் எழுதத் தொடங்கிய எக்ஸ்பாட், பைத்தானோடு கூடவே வரும் பார்சர். தன் அறிமுகக் குறிப்பிலேயே அது தன்னை நான்காம் பதிப்புக்கான நூலகம் என்கிறது. க்னோம் திட்டத்துக்காக டேனியல் வேயார் தொடங்கிய லிப்எக்ஸ்எம்எல்2 ஐந்தாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. பழைய விதிகள் வேண்டுவோருக்கு, ஐந்தாம் பதிப்புக்கு முந்தைய 1.0ஆகப் படி என்று சொல்லத் தனி விசை ஒன்றும் வைத்திருக்கிறது. ஆக, ஒரே பைத்தான் நிரலாளர் ஒரே சிங்கள டேகை உடன்வரும் பார்சரில் கொடுத்தால் பிழை என்றும், லிப்எக்ஸ்எம்எல்2ஐ உள்ளே வைத்திருக்கும் எல்எக்ஸ்எம்எல்லில் கொடுத்தால் சரி என்றும் பதில் வரும். கோப்பின் முதல் வரியில் எழுதியிருப்பது இரண்டு முறையும் 1.0. மின்னூல்களுக்கான ஈபப் 3 உள்ளிட்டு ஐந்தாம் பதிப்புக்குப் பின் வந்த தரங்களும் 1.0ஐத்தான் கேட்கின்றன.

இந்த ஆண்டுகளில் எச்டிஎம்எல் நேர் எதிரான பாதையில் போய்க்கொண்டிருந்தது. 2.0, 3.2, 4.01 என்று எண் மேல் எண்ணாக அறிவித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முதல் வரியிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டது. அந்த முதல் வரி, உலாவிகள் பழைய பக்கங்களைப் பழைய பிழைகளோடு காட்டுவதா, புதிய விதிப்படி காட்டுவதா என்று முடிவுசெய்யும் விசையாக மாறியதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)